வீடியோ கேம் இசையைச் சொல்லித்தரும் யூடியூப் தொடர்: முதல் எபிசோடை எப்படிச் செய்வது

கீபோர்டு ஓரளவு வாசிப்பீர்கள், அல்லது சின்ன வயதில் வர்ணம் வரைக்கும் பாட்டுக் கற்றிருப்பீர்கள். கூடவே கேம் ஆடும் பழக்கமும் உண்டு. இரண்டும் சேர்ந்தவர்கள் தமிழில் ஒரு வீடியோத் தொடர் செய்ய நினைத்தால் எங்கே தொடங்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை. மைக், எடிட்டிங் எல்லாம் கீழே வருகின்றன, ஆனால் சுருக்கமாகத்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் அங்கே இல்லை. எதைப் பாடமாக எடுப்பது என்பதில்தான் திணறுகிறார்கள்.

சினிமாவுக்குப் பின்னணி இசை அமைப்பவருக்குக் காட்சி எத்தனை நொடி என்று தெரியும். கேமுக்கு இசை அமைப்பவருக்கு அது தெரியாது. ஆடுகிறவர் ஒரு கதவுக்கு முன்னால் பத்து நொடி நிற்கலாம். அப்படியே விட்டுச் சாப்பிடப் போய் அரை மணி கழித்தும் வரலாம். இசை அதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும். 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இசை என்று இருப்பது கீழிறங்கும் நான்கே சுரங்கள், திரும்பத் திரும்ப. நீங்கள் சுடச் சுட எதிரிகள் குறைகிறார்கள், நான்கு சுரங்களும் வேகம் பிடிக்கின்றன. நன்றாக ஆடினால் இதயம் இன்னும் படபடக்கும். இந்த இசையின் லயத்தைத் தீர்மானிப்பது ஆடுகிறவரின் கைதான்.

ஆகவே ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு சோதனை வையுங்கள். கேமை எடுத்துவிட்டு வெறும் பாட்டை மட்டும் வைத்துப் பேசினாலும் உங்கள் விளக்கம் அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் நீங்கள் செய்திருப்பது பொதுவான இசைப் பாடம், பின்னால் மரியோ ஓடுவது வெறும் அலங்காரம். ஆடும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து பாடம் பிறந்தால்தான் இது கேம் இசைத் தொடர்.

1. தலைப்பைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்

'மோட் என்னும் சுர வரிசை என்றால் என்ன' என்பது தலைப்பு. அதை வைத்து முதல் எபிசோடு செய்தால் மூன்றாவது நிமிடத்தில் நீங்களே களைத்துவிடுவீர்கள். 'ஐந்தே சுரம் உள்ள ஊதுகுழலில் ஒரு டஜன் பாட்டு எப்படி வந்தது' என்பது கேள்வி. 1998-இல் வந்த செல்டா வரிசையின் ஓகரினா ஆஃப் டைமில் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ செய்தது அதைத்தான். கண்ட்ரோலரின் ஐந்து பட்டன்களுக்கு டி, எஃப், ஏ, பி, மேல் டி என்று ஐந்து சுரங்கள். ஆடுகிறவர் மனப்பாடம் செய்து வாசிக்க வேண்டிய பாட்டுகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும், ஒன்றோடொன்று குழம்பவும் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டைப் பேசினாலே மெட்டமைப்பு பற்றிப் பாதி பேசியதாகிவிடும்.

இப்படிப்பட்ட கேள்விகள் எங்கும் கிடைக்கின்றன. சூப்பர் மரியோ பிரதர்ஸில் நேரம் 100-க்குக் குறைந்ததும் ஓர் எச்சரிக்கை ஒலித்து இசை வேகமாகிறதே, அப்போது ஆடுகிறவரின் விரல்களுக்கு என்ன ஆகிறது? சூப்பர் மரியோ வேர்ல்டில் யோஷி என்ற டைனோசர் மேல் ஏறியதும் அதே பாட்டில் தாள வாத்தியம் மட்டும் சேர்ந்துகொள்கிறது, இறங்கினால் போய்விடுகிறது. எதற்காக? 1991-இல் வந்த மங்கி ஐலண்ட் 2-இல் வுட்டிக் என்ற ஊர் வருகிறது. அங்கே ஒவ்வொரு குடிசைக்குள் நுழையும்போதும் ஊரின் மெட்டு அறுபடாமல் வேறு வாத்தியத்துக்கு மாறும், வெளியே வந்தால் பழைய இடத்துக்கே வழுக்கிக்கொண்டு திரும்பும். மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் இதற்கென்றே ஐமியூஸ் என்ற மென்பொருளை எழுதினார்கள். இதில் ஒரு எபிசோடு என்ன, மூன்று எபிசோடே இருக்கிறது.

முதல் எபிசோடுக்கு இவற்றில் மிகச் சிறியதை எடுங்கள். பத்து நொடி இசை போதும். எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரு கேமின் மொத்த இசையையும் அலசும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைப் பத்தாவது எபிசோடுக்கு ஒதுக்கிவையுங்கள்.

2. காதால் எழுதி எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் மிடி ஃபைலையோ (சுரங்களைக் கட்டளைகளாகச் சேமித்த ஃபைல்) யாரோ எழுதிவைத்த நோட்டேஷனையோ அப்படியே நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். அவற்றில் பேஸ் வரிசை, அதாவது அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரங்கள், தவறாக இருப்பது சகஜம். பேஸ் தவறினால் நீங்கள் சொல்லும் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தவறும், அதன் மேல் கட்டிய விளக்கம் முழுவதும் சரியும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேம்களில் ஒரு வசதி உண்டு. நின்டெண்டோவின் 8-பிட் கருவியில் ஒலிக்கு ஐந்தே தடங்கள்: இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல் தடம், சிறு ஒலிப்பதிவுகளை ஒலிக்கவைக்கும் ஒரு தடம். எம்பி3 மாதிரி கலந்துபோன ஒலியாக இல்லாமல், என்எஸ்எஃப் என்ற வடிவத்தில் எந்தத் தடம் எப்போது எதை வாசிக்க வேண்டும் என்ற கட்டளையாகவே இந்த இசை இருக்கிறது. ஃபாமிஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால் ஒவ்வொரு தடத்தையும் தனியாக அடைத்து, தனியாகக் கேட்கலாம். முக்கோணத் தடத்தை மட்டும் ஓடவிட்டால் பேஸ் தெளிவாகக் கேட்கும். அந்தத் தடத்துக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. ஒலிக்கும், அல்லது ஒலிக்காது. அந்தக் காலத்துக் கேம்களில் பேஸ் ஒரே அழுத்தத்தில் தட்டிக்கொண்டே போவதற்கு இது ஒரு காரணம். இப்படி ஒரு தகவல் கிடைத்தால் குறித்துவையுங்கள், ஸ்கிரிப்டில் உப்பு மாதிரி உதவும்.

கமடோர் 64 கணினியில் மூன்றே குரல்கள், அதாவது தடங்கள். மூன்று சுரக் கார்டு ஒன்றை முழுசாக வாசித்தால் மெட்டுக்கு இடமில்லை. அதனால் அதன் இசையமைப்பாளர்கள் ஒரே குரலில் மூன்று சுரங்களையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவைத்தார்கள். காது அதைக் கார்டாகவே எடுத்துக்கொள்கிறது. 'சிப்ட்யூன்' என்றதும் நம் நினைவுக்கு வரும் அந்தக் குமிழியிடும் ஒலி இப்படித்தான் வந்தது. சூப்பர் நின்டெண்டோவில் எட்டுத் தடங்கள் வந்துவிட்டன, ஆனால் வாத்திய ஒலிகள் எல்லாம் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும்.

புதிய கேம்களுக்கு இப்படித் தடம் பிரிக்கும் வசதி இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கி, நான்கு நான்கு நொடியாகக் கேட்டு எழுதுங்கள். முதலில் பேஸ், பிறகு மெட்டு, நடுவில் இருப்பது கடைசியில். எழுதியதை நோட்டேஷன் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் ஏற்றி அசலோடு சேர்த்து ஓடவிட்டால் எங்கே இடிக்கிறது என்று உடனே தெரியும்.

3. எந்த இசை மொழியில் பேசுவது

உங்கள் பார்வையாளர்களில் மேற்கத்திய முறை படித்தவர், கர்நாடக சங்கீதம் தெரிந்தவர், இரண்டும் தெரியாமல் கேமுக்காக வந்தவர் என மூன்று வகையும் இருப்பார்கள். மூன்றாமவரை மனதில் வைத்து எழுதுங்கள், மற்ற இருவருக்கும் போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.

தமிழில் செய்வதால் நமக்கு ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. மேஜர் ஸ்கேலின் சுரங்களே சங்கராபரணத்தின் சுரங்கள். இயல்பு மைனர் நடபைரவி, ஹார்மானிக் மைனர் கீரவாணி. டோரியன் கரகரப்ரியா, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, லிடியன் கல்யாணி, ஃப்ரிஜியன் தோடி. பாட்டு வகுப்புக்குப் போன ஒருவருக்கு 'லிடியன்' என்று பத்து நிமிடம் விளக்குவதைவிட 'பிரதி மத்தியமம்' (உயர்ந்த 'ம') என்று ஒரு தடவை சொல்வது மேல். ஓகரினா ஆஃப் டைமில் சாரியாவின் பாட்டு எஃப், ஏ, பி என்று தொடங்கும். எஃப்-ஐ சட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ச, அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம். கல்யாணியின் வாசலில் நிற்கிறீர்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கையை எபிசோடிலேயே சொல்லிவிடுங்கள். சுரங்கள் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாத தோடி தோடியே அல்ல என்று சண்டைக்கு வருவார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

திரையில் ஐந்து கோட்டு நோட்டேஷன் மட்டும் காட்டினால் பாதிப் பேர் ஜன்னலை மூடிவிடுவார்கள். கீபோர்டு படம் ஒன்றைக் கீழே வைத்து, ஒலிக்கும் கட்டை ஒளிரும்படி செய்யுங்கள். சுரத்தின் பெயர் கட்டை மேலேயே இருக்கட்டும். நோட்டேஷன் தெரிந்தவர்களுக்கு அது மேலே சின்னதாக ஓடினால் போதும்.

4. ஸ்கிரிப்ட்: ஒரு முழு உதாரணம்

கேள்வி இது: 1985-இன் சூப்பர் மரியோ பிரதர்ஸில் கொடிக்கம்பத்தைப் பிடித்து ஒரு கட்டத்தை முடித்ததும் வரும் அந்தச் சில நொடி இசை ஏன் அவ்வளவு வெற்றிகரமாகக் கேட்கிறது?

எழுதி எடுத்தால் மூன்று படிகள் தெரியும். முதலில் சி மேஜர் கார்டு உடைந்து உடைந்து மேலேறுகிறது. அடுத்து ஏ ஃப்ளாட் மேஜர், அதே வடிவில். பிறகு பி ஃப்ளாட் மேஜர், அதே வடிவில். கடைசியில் பி ஃப்ளாட் சுரம் மூன்று தடவை தட்டிவிட்டு சி-யில் போய் நிற்கிறது.

சி-யை சட்ஜமாக வையுங்கள். முதல் கார்டில் ச, அந்தர காந்தாரம், ப. சங்கராபரணத்துக்குள் இருக்கிறோம். இரண்டாவது கார்டில் சுத்த தைவதம், ச, சாதாரண காந்தாரம். மூன்றாவதில் கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த மத்தியமம். இந்தச் சாதாரண காந்தாரமும் சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் சங்கராபரணத்தில் கிடையாது. மூன்றும் நடபைரவியிலிருந்து கடன் வாங்கியவை. மேஜரில் தொடங்கி, மைனரிலிருந்து இரண்டு கார்டுகளைக் கடன் வாங்கி, மேஜருக்கே திரும்புகிறார் மரியோவுக்கும் இசை அமைத்த கோண்டோ. வழக்கமான மேற்கத்திய முடிப்பில் பஞ்சமத்தின் கார்டிலிருந்து சட்ஜத்துக்கு வருவார்கள், அதில் காகலி நிஷாதம் அரை சுரம் ஏறிச் சட்ஜத்தைத் தொடும். இங்கே பஞ்சமத்தின் கார்டும் இல்லை, காகலி நிஷாதமும் இல்லை. கார்டின் ஆதார சுரங்கள் தைவதம், நிஷாதம், சட்ஜம் என்று ஒவ்வொன்றும் முழு சுரமாக மேலேறி, படிக்கட்டில் கால் வைத்து ஏறுகிற மாதிரி வந்து சேர்கின்றன.

இவ்வளவும் பொதுவான இசைப் பாடம்தான். கேம் எங்கே வருகிறது? மரியோவின் முதன்மை மெட்டை மறுபடி கேளுங்கள். நடுப் பகுதியில் மெட்டு சாதாரண காந்தாரம், ரிஷபம், சட்ஜம் என்று இறங்கும்போது கீழே இருப்பவை இதே ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், சி கார்டுகள். ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்த முடிப்பை ஆடுகிறவரின் காது கேட்டுப் பழகிவிட்டது. கொடிக்கம்பத்தில் அதே கார்டுகள் தனியாக, பெரிதாக வரும்போது காதுக்கு அது தெரிந்த வீடு. எபிசோடின் உச்சம் இந்த இடம்தான்.

இதை ஸ்கிரிப்டாக்கும்போது வரிசையைத் திருப்புங்கள். மேலே நான் சொன்ன வரிசை ஆராய்ச்சி செய்யும் வரிசை. பார்ப்பவருக்கு முதலில் ஒலி, பிறகு ஒரு சின்ன வேலை, அதற்குப் பிறகுதான் பெயர். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

'கம்பத்தைப் பிடிச்சதும் இது வரும், கேளுங்க.' இசை. 'இன்னொரு தடவை போடறேன், ஆனா கடைசி சுரத்துக்கு முன்னாடி நிறுத்திடுவேன்.' இசை, நிறுத்தம். 'அடுத்தது என்னன்னு பாடிப் பாருங்க.' மூன்று நொடி மௌனம். 'பாடிட்டீங்களா? அதுதான் சட்ஜம். யாரும் சொல்லித்தராமலே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?'

அந்த மூன்று நொடி மௌனத்தை எடிட்டில் வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள்.

பிறகு இரண்டாவது, மூன்றாவது கார்டுகளை மட்டும் மாற்றி வாசித்துக் காட்டுங்கள். ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட் இருந்த இடத்தில் எஃப், ஜி என்று சங்கராபரணத்துக்குள்ளேயே இருக்கும் கார்டுகளைப் போட்டால் எப்படி இருந்திருக்கும்? ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் பள்ளி ஆண்டுவிழா மாதிரி இருக்கும். ஒன்றை மாற்றிக் காட்டுவதற்கு ஈடான விளக்கம் வேறில்லை. ஒவ்வொரு எபிசோடிலும் இப்படி ஒரு 'மாற்றிப் பார்' பகுதி கட்டாயம் இருக்கட்டும்.

பேசுவதைப் பேச்சுத் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழில் எழுதிவைத்துவிட்டு மைக் முன்னால் பேச்சாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நாக்கு தடுக்கும். எட்டு நிமிட எபிசோடில் இசைக்கே இரண்டரை நிமிடம் போய்விடும், அதை விட்டுவிட்டுச் சொற்களை எண்ணுங்கள்.

5. ஒலிப்பதிவும் படமும்

கேம் காட்சியை ஓபிஎஸ் ஸ்டூடியோவில் பதியலாம், எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்போ கேடென்லைவோ போதும். சுமாரான யுஎஸ்பி மைக்கும் துணி நிறைந்த அலமாரி உள்ள அறையும் இருந்தால் குரல் சுத்தமாக வரும். ஃபாமிஸ்டூடியோவில் நீங்கள் ஏற்றிய இசையைப் பியானோ ரோலாகவும் அலை வடிவமாகவும் வீடியோவாகவே வெளியே எடுக்கலாம், அனிமேஷன் வேலை பாதி குறையும்.

ஒலியில் ஒரே விதிதான் முக்கியம்: இசை பேசும்போது நீங்கள் பேசாதீர்கள். பின்னணியில் இசையைத் தாழ்த்தி ஓடவிட்டு அதன் மேலேயே அந்த இசையை விளக்குகிற வீடியோக்கள் நிறைய உண்டு. எதைக் கேட்பது என்று காது திண்டாடும். உதாரணத்தைத் தனியாகப் போடுங்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், மறுபடி போடுங்கள். யூடியூப் -14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் போகும் ஒலியைத் தானே குறைத்துவிடும். குரலும் இசையும் சேர்ந்து அந்த அளவை ஒட்டி இருக்கும்படி கலந்துவிட்டால், உதாரணம் வரும்போது யாரும் வால்யூமைத் தேட வேண்டியிருக்காது.

6. காப்புரிமை

பலரைத் தொடங்கவிடாமல் பயமுறுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நான் வக்கீல் இல்லை. பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

பதிவு செய்யப்பட்ட ஒலிக்கு ஓர் உரிமை, அதற்கு அடியில் இருக்கும் மெட்டுக்கு இன்னோர் உரிமை. நீங்களே கீபோர்டில் வாசித்தால் முதலாவதிலிருந்து தப்பிக்கலாம், இரண்டாவது அப்படியே இருக்கும். கேம் பாயில் வந்த டெட்ரிஸின் புகழ்பெற்ற மெட்டு கொரொபெய்னிகி என்ற ரஷ்ய நாட்டுப்பாடல். அந்த மெட்டு 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் 1989-இல் கேம் பாய்க்காக ஹிரோகாசு தனாகா அமைத்த வடிவம் தனிச் சொத்து. முதல் எபிசோடைச் சிக்கலில்லாமல் செய்ய நினைத்தால் இந்த மெட்டை நீங்களே வாசித்துத் தொடங்குவது நல்ல வழி.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறது. இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. சட்டம் இப்படியிருக்க, யூடியூபின் கன்டென்ட் ஐடி என்பது தானியங்கி. அதற்கு விமர்சனமும் தெரியாது, பாடமும் தெரியாது. ஒலி பொருந்தினால் உரிமை கோரும். பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில சமயம் வீடியோ முடக்கப்படும். உரிமை கோரல் வேறு, ஸ்ட்ரைக் (காப்புரிமை மீறலுக்காகச் சேனல் மீது விழும் தண்டனைக் குறி) வேறு என்பதை நினைவில் வையுங்கள். சேனலுக்கு ஆபத்து இரண்டாவதால்தான். கோரலை மறுத்தால் பதில் சொல்ல உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம் உண்டு.

நடைமுறையில் செய்ய வேண்டியது: ஒரே துண்டைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து ஓடவிடாதீர்கள் (பத்து நொடி என்பது சட்டம் தந்த எல்லையல்ல, நல்ல பழக்கம் மட்டுமே). துண்டுக்குத் துண்டு உங்கள் விளக்கம் வரட்டும். முழுப் பாட்டைக் கடைசியில் 'ரசிப்பதற்காக' சேர்க்காதீர்கள். நின்டெண்டோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், தங்கள் கேம் காட்சிகளைத் தனிநபர்கள் பயன்படுத்தலாம், ஆனால் அதில் அவர்களுடைய படைப்புப் பங்களிப்போ கருத்துரையோ இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வெறும் பாட்டை ஏற்றுவதை அது ஏற்பதில்லை. மற்ற நிறுவனங்களின் பக்கங்களிலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன்பே பாருங்கள்.

எடிட்டில் குரல் ஒரு தடத்தில், கேம் இசை வேறு தடத்தில் இருக்கட்டும். ஏற்றும்போது 'பிரைவேட்' என்று வைத்தால் யூடியூபே உரிமைச் சோதனையை ஓட்டிக் காட்டும். எங்காவது மாட்டினால் அந்தத் துண்டை மட்டும் உங்கள் வாசிப்பால் மாற்றிவிட்டு மறுபடி ஏற்றலாம்.

7. வெளியிடுவதற்கு முன்

இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் கேம் ஆடாத பாட்டுக்காரர், இன்னொருவர் பாட்டு தெரியாத கேமர். முதலாமவர் 'கொடிக்கம்பமா, அது எதுக்கு?' என்பார். இரண்டாமவர் 'கார்டுன்னா என்ன?' என்பார். இரண்டு கேள்விக்கும் வீடியோவில் பத்து நொடிக்குள் பதில் இருக்க வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் முகம் சுளித்தால் அந்த இடத்தைத் திரும்ப எழுதுங்கள்.

இசையமைப்பாளரின் பெயரை விளக்கத்தில் மட்டும் போடாமல் வீடியோவிலும் சொல்லுங்கள். பழைய ஜப்பானியக் கேம்கள் பலவற்றில் அவர்கள் பெயர் வந்ததே இல்லை, வந்தாலும் புனைபெயராக வந்தது. தமிழ் சப்டைட்டிலை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தானியங்கி சப்டைட்டிலுக்குக் 'கைசிகி நிஷாதம்' என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். விளக்கத்தில் 0:00-இலிருந்து தொடங்கி மூன்று நேரக் குறிகளாவது போட்டால் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரித்துவிடும். 'மாற்றிப் பார்' பகுதிக்கு ஒன்று கட்டாயம்.

முதல் எபிசோடின் எடிட் ஃபைலை அப்படியே டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொடங்கலாம். அதற்கு என் பரிந்துரை, 2015-இல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய அண்டர்டேலின் மெகலோவேனியா. மேலே ஒரே சுரக்கோவை மாறாமல் சுழல்கிறது; ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரட்டையாகத் தட்டும் சுரம் மட்டும் டி, சி, பி, பி ஃப்ளாட் என்று இறங்குகிறது. 'மாற்றிப் பார்' பகுதிக்கு நான்கையும் டி-யாகவே வாசித்துப் பதிந்துகொள்ளுங்கள். இதே கேமின் தொடக்க மெட்டு பிறகு எந்தெந்தப் பாட்டில் ஒளிந்து வருகிறது என்று தேடுவது மூன்றாவது எபிசோடுக்கு. அதற்கு மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கேமை முழுசாக ஒரு தடவை ஆடி முடிக்க வேண்டியிருக்கும்.